கடைசி நிமிஷ கோல்

கோழிக்கோட்டில் அந்த அரசு அலுவலகத்தின் கேட் பூட்டியிருந்தது. நொண்டிக்கொண்டே வந்த ஜௌஹர் கம்பியை உலுக்கினான்.

"இன்னிக்கு லீவு மோனே," என்றார் காவலாளி சுகுணன். "நேத்து ஃபுட்பால் ஃபைனல்ல வங்காளத்தைக் கேரளா ஜெயிச்சிடுச்சுல்ல? ராத்திரியே அறிவிச்சுட்டாங்க. இந்தா, அல்வா சாப்பிடு."

"சேட்டா, விளையாட்டுக் கோட்டா வேலைக்கு மனு குடுக்கணும். சர்ட்டிஃபிகேட் நேத்துதான் கைக்கு வந்துச்சு."

"நாளைக்கு வா."

"நாளைக்கு எனக்கு வயசு வரம்பு தாண்டிடும்."

"என்ன பண்றது? கடைசி நிமிஷத்துல அந்தப் பய கோல் போடலேன்னா இன்னிக்கு ஆபீஸ் உண்டு. அவன் காலுக்குத் தங்கக் காப்பு போடணும்!"

கம்பி வழியாக மனுவை வாங்கிப் படித்தார். நேற்று ரேடியோ நூறு தடவை கத்திய பெயர். அவன் வீங்கிய காலைப் பார்த்தார்.

"ஏன் மோனே போட்டே அந்தக் கோலை?"