வலப்பக்கத்து நாற்காலி

"காயலான் கடைச் சரக்குன்னு சம்பந்தி வாய் கூசாம சொல்லிட்டார்ம்மா. நீங்க பார்த்து, இதுக்கெல்லாம் மதிப்பு உண்டா இல்லையான்னு சொல்லுங்க."

பெரியவர் பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தாரே தவிர, முதுகு நாற்காலியில் படவில்லை. பக்கத்தில் அவர் மனைவி கேமராப் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தாள்.

பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை அது. கடைக்காரப் பெண் டப்பாவைத் திறந்தாள். உள்ளே உலோக வளையங்கள். ஒரு கம்பெனி கேமராவில் வேறொரு கம்பெனி லென்ஸை மாட்ட நடுவில் போடும் அடாப்டர்கள்.

பெரியவரின் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் போன பிறகும், வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் குடும்பப் படம் அவர் கேமராவில்தான். இப்போது மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது. கேமராவோடு வந்த லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் நல்ல லென்ஸ் வேறு கம்பெனி, கேமராவில் ஏறாது. டப்பாவில் சரியான வளையம் இல்லையென்றால், சம்பந்தி கூட்டிவரும் ஆள்தான் படம் எடுப்பான்.

"அப்படி ஆச்சுன்னா நான் அந்தப் படத்துல நிக்கவே மாட்டேன்" என்றார் பெரியவர்.

"நிக்க வேண்டியவங்க எல்லாரும் நிக்கணும்ங்க. கொழுந்தனாருக்கு இன்னும் பத்திரிகைகூட..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொன்னேன். ஸ்டூடியோக்காரர் பிள்ளை, லேத் பட்டறையில எண்ணெய்க் கையோட நிக்கிறான். இவன் என் தம்பின்னு சபையில எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவருக்குக் காலையிலிருந்தே மனம் சரியில்லை. அப்பா மேசையில் காலம் காலமாக இருந்த பித்தளைப் பேப்பர் வெயிட்டைக் காணோம். கல்யாண வீடு, கண்டவனும் உள்ளே வந்து போகிறான்.

கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "இது அலுமினியம். இப்ப எங்கேயும் கிடைக்கும். இதுல நடுவுல கண்ணாடி வெச்சிருக்காங்க, படத்தைக் கெடுத்துடும். இதோ, இதுல கம்பெனி முத்திரை இருக்கு, பூட்டுற முள்ளும் தேயல. சேகரிக்கிறவங்க தேடி அலையறது இதைத்தான். நல்ல விலைக்குப் போகும்."

"விக்கிறதுக்கு வரலை. இதுல எது எங்க கேமராவுக்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்லைங்க ஐயா."

டப்பாவின் அடியில், துணியில் சுற்றி ஒன்று கிடந்தது. பெண் அதைப் பிரித்தாள். பித்தளை வளையம். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"இதுல பேரும் இல்லை, முத்திரையும் இல்லை. எந்தக் கம்பெனியும் செஞ்சது இல்லைங்க, யாரோ கையால கடைஞ்சிருக்காங்க. இந்தப் பக்கம் மரை. அந்தப் பக்கம் செருகித் திருகுற பூட்டு. வெளிப்பக்கம் நல்ல பழைய பித்தளை, கறுத்திருக்கு. உள்ளே மட்டும் புதுசா மின்னுது."

"எங்கப்பா எதையும் பொத்திப் பொத்தி வைக்கிறவர். வெளியில எடுத்திருக்க மாட்டார்."

மனைவி தெருவில் போகிற வண்டிகளை வேடிக்கை பார்த்தாள்.

பெண் வளையத்தைக் கேமராவில் பூட்டினாள். லென்ஸைத் திருகினாள். வெண்ணெய் மாதிரி ஏறியது. "இனிமேல்தான் விஷயமே. வளையம் ஒரு முடி அளவு தடிச்சாலும் தூரத்துல இருக்கிறது தெளியாது. பாருங்க."

பெரியவர் வாசலில் நின்று, தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அதன்மேல் ஏறும் இரும்பு ஏணியின் ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிந்தது. கடைசிப் படியில் ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்து அவரையே பார்த்தது. கேமராவைக் கீழே இறக்க அவருக்கு மனம் வரவில்லை.

"உங்கப்பாவே செஞ்சாரா ஐயா?"

"அவருக்கா? திருப்புளியை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது. கை தேர்ந்த வேலைக்காரர் யார்கிட்டயோ சொல்லிச் செய்ய வெச்சிருக்கார்."

"நான் எத்தனையோ பார்த்திருக்கேன். இவ்வளவு சுத்தமான கை வேலையைப் பார்த்ததில்லை. இதுக்கு விலை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லைங்க."

பெரியவர் வளையத்தைக் கழற்றி வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கை வீட்டுக்கு மானத்தைக் காப்பாத்திக் கொடுத்திருக்கும்மா. அந்த மனுஷன் இன்னிக்கு உயிரோட இருந்தா, கல்யாணப் படத்துல என் வலப்பக்கத்து நாற்காலி அவருக்குத்தான். சம்பந்தி அதுக்கு அடுத்த நாற்காலியில உட்காரட்டும்."

"பேச்சுக்குச் சொல்றீங்க" என்று சிரித்தாள் பெண்.

"சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

மனைவி தெருவை விட்டுவிட்டு இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவர் வளையத்தைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சம்பந்தியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினார்.

"நேரா வீட்டுக்குப் போய், அந்தப் பேப்பர் வெயிட் எங்கேன்னு ஒவ்வொருத்தனையும் நிக்க வெச்சுக் கேக்கணும்" என்றார்.

"யாரையும் கேக்க வேண்டாம்ங்க" என்றாள் மனைவி. "நீங்க பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தப்ப, கேமரா, லென்ஸோட அதையும் கொழுந்தனார் பட்டறைக்கு நான்தான் எடுத்துட்டுப் போனேன். இப்ப அது உங்க சட்டைப் பையில இருக்கு."