மூடியும் பொறையும்

டீக்கடையில் கண்ணாடி பாட்டிலின் தகர மூடிக்கும், உள்ளே இருந்த ஒரு பொறை பிஸ்கட்டுக்கும் சண்டை. வாசலில் படுத்திருக்கும் செவலை நாய்க்கு யார்மீது ஆசை அதிகம் என்பதுதான் விஷயம்.

"இதுல என்ன சந்தேகம்? அது திங்கிறது என்னைத்தானே," என்றது பொறை.

"திங்கும். ஆனா வாலை ஆட்டுறது என் சத்தத்துக்கு," என்றது மூடி. "நீ கீழே விழுந்ததுமே அந்த வால் நின்னுடும். வேணும்னா பாரு."

டீ குடிக்க வந்த ஒருவர், நாய்க்குப் போட ஒரு பொறை கேட்டார். கடைக்காரர் மூடியைத் திருகினார். அந்தக் கிறீச் சத்தம் கேட்டதுமே செவலை துள்ளி எழுந்தது. வால் சுழன்றது, எச்சில் ஒழுகியது. சண்டை போட்ட அதே பொறை அதன் முன்னால் வந்து விழுந்தது. வால் நின்றது. வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி நாய் அதைக் கடிக்கத் தொடங்கியது.

பாதி தின்றிருக்கும். கடைக்காரர் துடைப்பதற்காக மூடியை மறுபடியும் திருகினார். செவலை வாயிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, பாட்டிலுக்குக் கீழே ஓடிப்போய் அண்ணாந்து நின்றது. அவர் துடைத்துவிட்டு மூடினார். வால் தொங்கிப்போய், பட்டினி கிடந்ததைப் போல நாய் முனகியது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

புழுதியில் கிடந்த பாதிப் பொறையை எறும்புகள் மொய்க்கத் தொடங்கின.

"மூடி அண்ணே," என்றது அது. "நீங்கதான் ஜெயிச்சீங்க, ஒத்துக்கிறேன். கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க. அது என்னைத் தின்னு முடிக்கட்டும்."