திரைக்கு அந்தப் பக்கம்

"உங்க ஆட்டத்தைப் பார்த்தவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், இருக்காங்களாம்மா?" என்று கேட்டார் கணக்கு அதிகாரி.

குரலக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பொம்மலாட்டக் குழுவில் கழுதை முதல் ராஜா வரை எல்லாருக்கும் அவள்தான் குரல் கொடுப்பாள். அதனால் வந்த பெயர். அத்தனை பொம்மைகளுக்கும் வாயாக இருப்பவளுக்கு இன்று தன் குரலே கம்மிப்போயிருந்தது.

"நிறையப் பேர் பார்த்திருக்காங்க சார். ஆனா நாங்கதான் யாரையும் பார்த்ததில்லை."

"அதெப்படி?"

"நாங்க திரைக்குப் பின்னாடி குனிஞ்சு உட்கார்ந்திருப்போம். சத்தம் மட்டும்தான் கேட்கும். பெரும்பாலும் குழந்தைங்க ஆஸ்பத்திரியிலதான் ஆடுறோம். அங்க போட்டோ எடுக்கக் கூடாது, பேரு விசாரிக்கக் கூடாது. ஆட்டம் முடிஞ்சதும் நர்ஸம்மா மருந்து வண்டியோட வந்துடுவாங்க. எங்களைப் பின்வாசல் வழியா அனுப்பிடுவாங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். கலை நிதிக் குழுவின் தலைவி முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. கணக்கு அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் சிரித்து இந்தக் கட்டடத்தில் யாருமே பார்த்ததில்லை என்று வெளியே டோக்கன் கொடுத்தவர் முன்பே எச்சரித்திருந்தார்.

"உங்க குழுவுக்கு முதலாளி யாரு?"

"முதலாளின்னு யாரும் கிடையாது சார்" என்று முந்திக்கொண்டான் பக்கத்தில் இருந்த பசை. பொம்மை செய்கிறவன், விரல்களில் எப்போதும் கோந்து காய்ந்திருப்பதால் அந்தப் பெயர். "கலைஞர்கள் அஞ்சு பேர் சேர்ந்து நடத்துறோம். எதுக்கும் கை தூக்கி ஓட்டுதான். இந்த வருஷம் கணக்கு எழுதுறது நான்."

"ஓகோ, அதான் பக்கமெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டிருக்கா?"

பசை கைகளை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டான்.

"எங்க நிலைமையையும் புரிஞ்சுக்குங்க" என்றார் தலைவி. "இது மக்கள் பணம். இதனால யாருக்கு என்ன நன்மைன்னு ஒரு சாட்சியாவது காட்டணும். விதி அப்படி."

இந்த நிதி வராவிட்டால் மாதக் கடைசியில் வாடகைக் குடோனைக் காலி செய்ய வேண்டும். பொம்மைகளை ஐந்து வீட்டுப் பரண்களில் பிரித்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான்.

"ஒரு சிரிப்பு இருக்கு மேடம்" என்றாள் கடைசியில்.

"என்னது?"

"நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி கையில காசில்லாம, இதுதான் கடைசி ஆட்டம்னு அஞ்சு பேரும் முடிவு பண்ணிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் தொண்டை கிழியக் கத்துறேன், அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சில்லை. திடீர்னு ஒரு குழந்தை சிரிச்சுது மேடம். எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சுனு ஆரம்பிச்சு, விக்கல்ல போய் முடிஞ்சுது. அதைக் கேட்டு வார்டே சிரிச்சுது."

கணக்கு அதிகாரி தலையைத் தூக்கவில்லை. ஒட்டிய பக்கங்களை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழந்தைக்காகவே கூடக் கொஞ்ச நேரம் ஆடினோம். வேன்ல ஏறினதும் மறுபடி ஓட்டு. தொடரணும்னு அஞ்சு பேரும் கையைத் தூக்கிட்டோம். எந்தக் குழந்தைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அந்தச் சிரிப்பு போட்ட சோறுதான் நாங்க இப்பவும் சாப்பிடுறோம்."

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு வெட்கம் இல்லை.

"அப்படி என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டார் தலைவி.

குரலக்கா பைக்குள் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது அதில் கழுதைப் பொம்மை இருந்தது. அதுவரை கம்மியிருந்த குரல் போன இடம் தெரியவில்லை.

"ஊசின்னா பயமான்னா கேக்குறீங்க டாக்டர்? எனக்கென்ன பயம்! என் காலுக்குத்தான் பயம். வாலா? அது அப்பவே வீட்டுக்குப் போயிடுச்சு!"

கிறீச்!

குரலக்கா துள்ளித் திரும்பி வாசலைப் பார்த்தாள். பசையும் பார்த்தான். குழந்தை எதுவும் இல்லை. கதவு சாத்தியே இருந்தது.

மறுபடியும் கிறீச். கூடவே ஒரு விக்கல். மேசைக்கு அந்தப் பக்கம், கணக்கு அதிகாரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

விக்கல் அடங்கியதும் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து பசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், இதுல முடிவு சொல்ற உரிமை எனக்கு இல்லை. நான் பயனடைஞ்சவன். சாட்சின்னு எழுதிக்குங்க."

தலைவி பேனாவைத் திறந்தார்.

கணக்கு அதிகாரி குரலக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க அன்னைக்கு ஆடினதுக்கு மறுநாள் என் பொண்ணுக்கு ஆபரேஷன்மா. என் மூஞ்சியையே பார்த்துப் பார்த்துப் பயந்து கிடந்தா. நான் சிரிச்சதைப் பார்த்துட்டு, 'அப்பாவே சிரிக்கிறார், அப்போ எனக்கு ஒன்னும் ஆகாது'ன்னு சொல்லிட்டுத் தூங்கினா. இன்னைக்கு சைக்கிள் மிதிச்சுப் பள்ளிக்கூடம் போறா. அன்னைக்கு நன்றி சொல்லத் திரையை விலக்கிப் பார்த்தேன், அதுக்குள்ள நீங்க பின்வாசல் வழியாப் போயிட்டீங்க."