அமைச்சர் வீட்டு வருகைப் புத்தகம்

சித்தியவான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற பத்துமலை, ஈப்போவில் பழைய அமைச்சர் ஒருவரின் நினைவில்லமாகியிருந்த வீட்டைப் பார்க்கத் தனியாக வந்தார். அது 1983. மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோன பத்துமலையின் மனைவி கருப்பம்மாள், அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். லீவு இல்லை என்று தள்ளிப்போட்டவர் அவர்தான்.

காவலாளி உடையப்பன் வருகைப் புத்தகத்தை நீட்டினான். அன்றைய தேதியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: 'கருபம்மாள்'. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் அவள் அந்தப் 'ப்'பை விட்டுவிடுவாள்.

"இது யாரு தம்பி?"

"இன்னைக்கு நீங்கதான் மொத ஆளு லா, அண்ணே."

பத்துமலை கீழே தன் பெயரை எழுதிவிட்டு அறை அறையாகப் பார்த்தார். யாரும் இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்கு உடையப்பன் சாவியோடு வந்தான். "பூட்டப் போறேன். பஸ் போயிரும்ணே."

"கொஞ்சம் பொறு தம்பி," என்றார் பத்துமலை. "அவ மெதுவாத்தான் பார்ப்பா."