பிக்கப்புக்கு ஒரு படி

"இந்தப் படி ஒண்டு இல்லாமத்தான் யூஸ்டஸ் அண்ணன், புஸ்பத்தத் தண்ணி கொண்டு போனது."

கதிர்காமத்தம்பி பிக்கப்பின் பின்பெட்டியைத் தட்டிக் காட்டினான். யூஸ்டஸ் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, பிக்கப்பின் முன் இருக்கையைப் பார்த்தார். அங்கே அவன் மனைவி புஸ்பம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகும் கல்முனை பஸ்ஸைப் பார்த்தபடி இருந்தாள்.

"கொண்டு போனதத் திருப்பித் தந்திட்டுதுதானே, மறுகா என்ன?" என்றார் யூஸ்டஸ். "நான் சொல்றதக் கேளு மனே. பக்கத்துப் படி உனக்கு வேலைக்கு ஆகாது. வயல் வட்டைப் பக்கம் போனா வரம்பில இடிக்கும், சேறு அடையும். உப்புக் காத்துக்கு ரெண்டு வருசத்தில துருப்பிடிச்சு விழும். மூட்டை ஏத்துறவன் எவன் படி தேடுறான்?"

"மூட்டைக்கில்ல அண்ணன். இவளுக்கு."

யூஸ்டஸ் இரும்புத் தகட்டை எடுத்து அளவு பார்க்கத் தொடங்கினார்.

நாலரை வருடமாகக் கதிர்காமத்தம்பி அந்தச் சுனாமிக் காலையை விட்டு வெளியே வரவில்லை. கல்லடிக் கடற்கரையோரம் வீடு. "கடல் வருது" என்று கூச்சல் கேட்டதும், நடக்க மாட்டாத அம்மாவையும் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை முடுக்கினான். அயலவர்கள் பின்பெட்டிக்குள் விழுந்தடித்து ஏறினார்கள்.

பக்கக் கண்ணாடியில் புஸ்பம் தெரிந்தாள். பெட்டியின் விளிம்பில் ஒரு கையை வைத்தபடி தரையில் நின்றாள். "ஏறு புள்ள, ஏறு!" என்று கத்தினான். உள்ளே நின்றவர்கள் "எடு, எடு!" என்று கூரையில் அடித்தார்கள். அவளுக்குப் பின்னால் கறுப்பாய் ஒன்று எழும்பி வந்தது. அக்சிலேட்டரை அழுத்தினான். மறுபடி பார்த்தபோது கண்ணாடியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

பத்தொன்பது நாள் தேடினான். ஆஸ்பத்திரி, பிரேத அறை, ஒவ்வொரு முகாமின் பெயர்ப்பட்டியல். கடைசியில் வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூட முகாமில் அவளைக் கண்டான். கண்டல் மரத்தில் சிக்கிக் கிடந்தவளை மீன்பிடிகாரர் தோணியில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

பட்டியலில் அவள் தகப்பன் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். புருசன் பெயருக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. அதிர்ச்சியில் என்னையே மறந்துபோனாளே என்று கதிர்காமத்தம்பி அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதான்.

கலியாணம் முடித்த நாளிலிருந்தே அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவன் அவன். கடைக்கு அவனே போவான். கோயிலுக்கு அவனே கூட்டிப்போய்க் கூட்டிவருவான். தையல் வகுப்புக்குப் போகவா என்று ஒருமுறை கேட்டாள். மறுநாளே மெசினை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினான். தண்ணீர் தின்று மீந்தவள் என்றான பிறகு வாசல் படலைக்கும் பூட்டுப் போட்டான். "சண்டைக் காலம் புள்ள, நாலு பக்கமும் ஆமிச் சென்றி" என்று சொல்லித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போவான். அவளும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

இந்த மே மாதத்தோடு சண்டை முடிந்தது. போன கிழமை, சோறு போட்டுக்கொண்டே புஸ்பம் சொன்னாள்: "கொக்கட்டிச்சோலைக்கு அக்காட்டப் போகப்போறன். பஸ்ஸில தனியப் போய்வாறன்."

அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். இரவெல்லாம் புரண்டு படுத்தான். விடிந்ததும் முடிவு சொன்னான்.

"பஸ்ஸெல்லாம் வேணாம். இனி எங்க போறெண்டாலும் என்ட வண்டிதான். அம்மா முன்னுக்கு, நீ பின்னுக்கு. உனக்கெண்டு ரெண்டு பக்கமும் படி போட்டுத் தாறன். என்ன வந்தாலும் இனி உன்னை விட்டுட்டுப் போகமாட்டன்."

மத்தியானத்துக்குள் யூஸ்டஸ் வேலையை முடித்துவிட்டார். கதிர்காமத்தம்பி ஒவ்வொரு படியாக ஏறிக் குதித்துப் பார்த்தான். ஆடவில்லை, அசையவில்லை. நாலரை வருடத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. முன்கதவைத் திறந்து அவள் முழங்கையைப் பிடித்து இறக்கினான்.

"வா புள்ள, ஏறிப் பார்."

புஸ்பம் புதுப் படியைப் பார்த்தாள். பிறகு அவன் பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

படியை அவள் தொடவேயில்லை. டயரில் ஒரு கால், விளிம்பில் ஒரு கை. கண்மூடித் திறப்பதற்குள் பெட்டிக்குள் நின்றாள்.

யூஸ்டஸ் சிரித்துவிட்டார். "அட, இவவுக்கா படி வேணுமெண்டு என்னைக் காலையிலிருந்து வாட்டினாய்?"

கதிர்காமத்தம்பியும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அப்ப அண்டைக்கு... அண்டைக்கு ஏன் புள்ள ஏறாம நிண்டாய்?"

புஸ்பம் பெட்டிக்குள் நின்றபடி அவனைக் குனிந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை.

"உங்களோட வாறதவிடத் தண்ணியோட போறது நல்லமெண்டு நினைச்சன்."