மேல்வரிசை

கிருஷ்ணப்பன் வாயைத் திறக்க மறுத்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனுஷன் என்று காலடிப்பேட்டையே சொல்லும். இன்று நர்ஸ் நவ்ரீன் பிரஷ்ஷும் கையுமாக நின்று கெஞ்சியும், ஆக்ஸிஜன் மாஸ்க்கை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான்.

"மாவா பாக்கு அதக்கி வெச்சிகீறான்போல," என்று பக்கத்துப் படுக்கைக்குத் துணையிருந்த கோதண்டம் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"அண்ணா, ஃப்ளூ உங்க நுரையீரலை ஏற்கெனவே ஒரு வழி பண்ணிடுச்சு. வாயில இருக்குற கிருமியும் அங்க இறங்குச்சுன்னா, அடுத்தது வென்டிலேட்டர்தான்," என்றாள் நவ்ரீன்.

"தொறயேன்யா! இன்னா கொயந்தையா நீ?" என்று தாயம்மா அதட்டினாள்.

பெண்டாட்டி பக்கத்தில் நிற்பதுதானே வம்பே! கல்யாணத்துக்கு முந்தின வருஷம், காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளம் சறுக்கி வந்து அடித்ததில் மேல்வரிசைப் பல் மொத்தமும் போனது. பெண் பார்க்கப் போனதே புதுப் பல் செட்டோடுதான்.

பதினெட்டு வருஷமாகக் கழுவுவதெல்லாம் கம்பெனி பாத்ரூமில், தாழ் போட்டுக்கொண்டு. வீட்டில் தூங்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் கட்டிக்கொண்டாள் என்று ஐயாவுக்கு நினைப்பு. விடிந்து கண் விழித்தால், தாயம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வயசிலும் இவ்வளவு ஆசையா என்று உள்ளூரப் பெருமை வேறு.

வெளியே போ என்று அவளுக்குக் கையைக் காட்டினான். அவள் அசையவில்லை. மானிட்டரில் ஆக்ஸிஜன் எண்பத்தாறுக்கு இறங்க, மிஷின் கத்த ஆரம்பித்தது.

மூச்சா, மானமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு மாஸ்க்கை விலக்கி வாயைத் திறந்தான். பல் செட்டு 'டக்'கென்று டிரேயில் விழுந்தது.

நவ்ரீன் முகத்தைச் சுளித்தாள். "ராத்திரி கழட்டி வெக்கணும்னு யாரும் சொல்லலையாண்ணா? மாட்டிக்கினே தூங்குனா, அதுல சேர்ற கிருமியெல்லாம் மூச்சோட உள்ள போவும்."

தாயம்மாவின் கூச்சலுக்காகக் கிருஷ்ணப்பன் காத்திருந்தான். கண்ணைத் திறந்து பார்த்தால், தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கத்துல அது கயண்டு வரச்சொல்லோ எல்லாம், நான்தான்யா திருப்பி மாட்டி வுட்டேன்."