வலது கைக் கட்டம்

இதைக் கேளுங்கள், கண்ணுகளா. தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கையை முழங்கையோடு இழந்த ஆபரேட்டர் ஒருவர் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்திருந்தார். இரண்டு கைகளின் பிடிபலமும் சேர்ந்து நாற்பது கிலோ வராவிட்டால் வேலை போய்விடும். பிடிபலம் அளக்கும் கருவியை இடது கையால் அழுத்தியபோது முள் பதினெட்டைத்தான் காட்டியது.

"அடுத்து அந்தக் கையால புடிங்கண்ணே," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்மா," என்று சிரித்தார் அவர்.

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அவள் கருவியை அவருடைய வெறும் சட்டைக்கைக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தாள். முள் நாற்பத்தொன்றுக்கு ஏறி நின்றது.

கருவிதான் பழுது என்று நினைத்து, பூஜ்யம் எழுதப் பேனாவை எடுத்தாள். அவளுடைய மணிக்கட்டில் ஐந்து விரல்தடங்கள் அழுந்தின.

"நாப்பத்தொண்ணுன்னே போட்டுடும்மா," என்றார் அவர் பரிவோடு. "நான் சொன்னா அது கேக்காது."